பெயின்ட் வாளியில் கிடந்த டிரில் பிட்டுகள் எனக்கு வைத்த செலவு

"இன்னா தம்பி, பொகை வருது?" என்று அந்த வீட்டு அக்கா சமையலறை வாசலில் நின்று கேட்டபோது, நான் ஷட்டர் (அலமாரிக் கதவு) மேல் ஏறி உட்காராத குறையாக டிரில் மெஷினை அழுத்திக்கொண்டிருந்தேன். காட்பாடி காந்தி நகரில் ஒரு கிச்சன் வேலை, 2021 ஜூலை மாதம். 14 ஷட்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆட்டோ ஹிஞ்ச், அதாவது தானாக மூடும் கீல், ஆக 28 இடத்தில் 35 மில்லி (மில்லிமீட்டர்) அகலக் குழி எடுக்க வேண்டும். "ஒண்ணுமில்லக்கா, பிளைவுட் கொஞ்சம் கெட்டி" என்று சொல்லிச் சமாளித்தேன். பிளைவுட் மேல் ஒரு தப்பும் இல்லை. மெஷினில் மாட்டித் துளை போடும் பிட்டு மழுங்கிச் செத்துப்போயிருந்தது. அது எனக்கே அப்போது தெரியாது என்பதுதான் கொடுமை.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் பரம்பரை ஆசாரி இல்லை. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் சூப்பர்வைசராக இருந்தேன், 2020 லாக்டவுனுக்கு அப்புறம் அந்த வேலை போனது. மர வேலையில் கை பழக்கம் இருந்ததால் விருதம்பட்டில் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷீட் கொட்டகை போட்டு, ஒரு பையனை உதவிக்கு வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, எல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றதுதான். மெஷின், ரம்பம், பிளைவுட் தரம் பற்றியெல்லாம் நாலு பேரிடம் கேட்டேன். பிட்டை எப்படி வைப்பது என்று யாரிடமும் கேட்கவில்லை. அதில் கேட்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு.

என் பிட்டுகள் எல்லாம் ஒரு நாலு லிட்டர் பெயின்ட் வாளியில் கிடந்தன. முதலில் வாங்கியது 13 பிட்டு கொண்ட ஒரு செட், 1.5 மில்லியிலிருந்து 6.5 மில்லி வரை, நல்ல டப்பாவில்தான் வந்தது. இரண்டே மாதத்தில் டப்பா மூடி உடைந்தது, பிட்டுகள் வாளிக்குப் போயின. அப்புறம் சுவரில் போடும் பிட்டுகள், பூட்டுக்குத் துளை போடும் தட்டை பிட்டுகள், 35 மில்லி ஹிஞ்ச் பிட்டு, ஸ்க்ரூ மாட்டும் பிட்டு எல்லாம் அதே வாளியில். வேலைக்குப் போகும்போது வாளியை வண்டியில் முன்னால் மாட்டிக்கொண்டு போவேன். பாலாற்றுப் பாலம் தாண்டிப் போகும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் உள்ளே கலகலவென்று சத்தம் வரும். அது ஏதோ தொழில்காரன் போகிற சத்தம் மாதிரி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தச் சத்தம் முழுக்க முனையும் முனையும் மோதி மழுங்குகிற சத்தம் என்று இப்போது புரிகிறது.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற டை ஒவ்வொன்றுக்கும் ரேக்கில் ஒரு இடம், ஒரு நம்பர். டையின் வாய் இன்னொரு டையில் பட்டால் தொலைந்தது, வெட்டுகிற தோலில் பிசிறு வரும். அப்படி மாற்றி வைத்தவனைப் பல வருஷம் திட்டியே சம்பளம் வாங்கியவன் நான். சொந்தத் தொழில் என்று வந்ததும் வாளியில் கொட்டிவிட்டேன்.

சரி, அந்த நாளுக்கு வருவோம். 35 மில்லி பிட்டுக்கு நடுவில் ஒரு சின்ன முள் இருக்கும், சுற்றி விளிம்பு வெட்டும். முள்தான் பிட்டை ஒரே இடத்தில் பிடித்து நிறுத்துவது. வாளியில் சுவர் பிட்டுகளோடு உருண்டதில் அந்த முள் பாதி உடைந்து, விளிம்பிலும் ஓரிடத்தில் பல் போயிருந்தது. நான் பார்க்கவே இல்லை, எடுத்தேன், மாட்டினேன். முதல் ஷட்டரில் பிட்டு நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடி மைக்காவில் அரைவட்டமாக ஒரு கோடு போட்டது. உள்பக்கம்தானே, எப்படியாவது மறைத்துவிடலாம் என்று பேனாவால் குறித்த இடத்தில் ஆணியால் ஒரு குத்து குத்திவிட்டு மறுபடி அழுத்தினேன். மழுங்கிய பிட்டு வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு, சூட்டில் புகை, புகை வந்தால் நாம் இன்னும் அழுத்துவோம். 18 மில்லி பிளைவுட்டில் குழி பன்னிரண்டு, பதிமூன்று மில்லிதான் போக வேண்டும், அடியில் மிஞ்சுவது அஞ்சு மில்லி. முழு பலத்தோடு அழுத்துகிறவனுக்கு அந்த அஞ்சு மில்லி ஒன்றுமே இல்லை. முகப்புப் பக்கத்தைக் கீழே போர்வையில் கவிழ்த்து வைத்து வேலை செய்ததால் எனக்கு எதுவும் தெரியவில்லை. அடுத்தடுத்த இரண்டு ஷட்டரை முடித்துத் திருப்பினால், ஒன்றில் மைக்கா கொப்புளம் மாதிரி வீங்கியிருக்கிறது, இன்னொன்றில் நேராகவே வெளியே வந்துவிட்டது. பையன் என் முகத்தைப் பார்க்காமல் பிளைவுட் தூளைப் பெருக்க ஆரம்பித்தான்.

மூன்று ஷட்டர். கணக்கை மறைக்காமல் சொல்கிறேன்: ஒரு பிளைவுட் ஷீட் 3,500, மைக்கா 1,450, பசை 300, ஓரத்துக்கு ஒட்டும் டேப் 250, ஆட்டோ வாடகை 350, இரண்டு நாள் பையன் கூலி 1,600, புது ஹிஞ்ச் பிட்டு 380. மொத்தம் 7,830 ரூபாய், என் இரண்டு நாள் கூலி இதில் சேரவில்லை. அதே நம்பர் மைக்கா உடனே கிடைக்காமல் லாங் பஜார் பக்கம் இரண்டு நாள் அலைந்ததும் சேரவில்லை. அந்த அக்கா ஒன்றும் திட்டவில்லை, காபி மட்டும் கொடுத்துவிட்டு "ஆடி பொறக்கறதுக்குள்ள பால் காய்ச்சணும்னு இருந்தோம்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதோடு விடவில்லை. ஒரு மாதம் கழித்து போன் வருகிறது, மேல் ஷட்டர் இரண்டு தொங்குகிறது என்று. போய்ப் பார்த்தால் ஹிஞ்ச் ஸ்க்ரூ பிடிமானம் இல்லாமல் சும்மா சுற்றுகிறது. 3.5 மில்லி ஸ்க்ரூவுக்கு முன் துளை 2.5 மில்லி போட வேண்டும். நான் எடுத்த பிட்டின் காம்பில், அதாவது மெஷினில் மாட்டுகிற பக்கத்தில், அளவு அழிந்துபோயிருந்தது, கண்ணால் பார்த்து 2.5 என்று நம்பினேன். அது 3.5. ஸ்க்ரூவின் மரை கடிக்க மரமே மிச்சமில்லை. தீக்குச்சியும் ஃபெவிகாலும் வைத்து அடைத்து, ஒரு நாள் காயவிட்டு மறுபடி ஏற்றினேன். இந்த இடத்தில் ஒரு வார்த்தை: 2.5, 3, 3.5 மூன்றையும் கையில் வைத்துக் கண்ணால் பிரிக்க முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு சாதாரண வெர்னியர் காலிப்பர் வாங்கிவிடுங்கள், பிளாஸ்டிக் ஆனாலும் பரவாயில்லை. காம்பில் அளவு அழிந்த பிட்டை அளக்காமல் மெஷினில் மாட்டாதீர்கள். அளக்கும்போது வெட்டும் பகுதியை அளக்க வேண்டும், காம்பை அளந்தால் சில பிட்டுகளில் ஏமாந்துபோவோம்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், புதிதாக வருகிறவர்கள் கட்டாயம் தடுமாறுவது இதில்தான். பிட்டில் மூன்று சாதி உண்டு. நுனியில் ஊசி மாதிரி முள்ளும் இரண்டு பக்கம் காது மாதிரி கூரும் இருந்தால் மரத்துக்கானது. நுனி சாய்வாகக் கூம்பி, முள் இல்லாமல் இருந்தால் இரும்புக்கானது. நுனியில் தனியாக ஒரு தகடு வைத்துப் பற்றவைத்த மாதிரி, தண்டை விடக் கொஞ்சம் அகலமாக இருந்தால் சுவருக்கானது. இரும்பு பிட்டை மரத்தில் போடலாம், ஆரம்பிக்கும்போது கொஞ்சம் ஓடும், அவ்வளவுதான். சுவர் பிட்டு மரத்தை வெட்டாது, கருக்கும். மர பிட்டைச் சுவரில் வைத்தால் ஒரு நொடியில் முடிந்தது கதை. என் பையன் சுவரில் ஸ்க்ரூ பிடிக்கச் செருகும் ராவல் பிளக் போட 8 மில்லி தேடி, வாளியில் முதலில் கைக்கு வந்த 8 மில்லியை எடுத்துச் சுவரில் வைத்தான். மரத்துக்கு என்று தனியாக வாங்கிய புது பிட்டு அது. அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எட்டு என்று கேட்டேன், எட்டு எடுத்தான். இரண்டு எட்டையும் ஒரே வாளியில் போட்டது யார்?

அதற்கு அப்புறம்தான் ஒழுங்காக வைக்க வேண்டும் என்ற புத்தி வந்தது. அதிலும் இரண்டு முறை சறுக்கினேன். முதல் சறுக்கலுக்குக் காரணம் என் பழைய தொழில் பாசம். பேரணாம்பட்டு பக்கம் தெரிந்தவர் ஒருவர் மூலம் நல்ல தோல் துண்டுகள் கிடைத்தன. ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு அறை வைத்துத் தைத்து, பாய் மாதிரி சுருட்டிக் கட்டுகிற ஒரு தோல் பை செய்தேன். பார்க்க அவ்வளவு அழகு. பார்த்தவர்கள் எல்லாம் எனக்கும் ஒன்று என்றார்கள். ஆகஸ்டில் செய்தது. நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது நினைவிருக்கும், வெறும் மணலையே பார்த்து வளர்ந்த பிள்ளைகளை எல்லாம் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோமே, அந்த 2021 நவம்பர். பத்து நாளுக்கு மேல் வேலை இல்லை, கொட்டகையே ஊறிப்போய்க் கிடந்தது. மழை விட்டதும் பையை அவிழ்த்தால், ஒவ்வொரு அறையிலும் பிட்டின் உருவத்துக்குச் செம்மண் நிறத்தில் கறை. பிட்டை உருவினால் சொரசொர என்கிறது. 11 பிட்டு போனது, மீதியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மீட்டேன்.

தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதப்படுத்தும்போது ஏறிய உப்பும் அமிலமும் கொஞ்சம் அதில் தங்கியிருக்கும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் இரும்புக்கு வேறு எமன் வேண்டாம். தோலோடு பல வருஷம் புழங்கிய எனக்கு இது தெரியாதா? தெரியும். பக்கிள் துருப்பிடித்து ஷூ திரும்பி வந்த கதையெல்லாம் பார்த்தவன். ஆனால் அழகு கண்ணை மறைத்தது. வேலைக்கு எடுத்துப் போய் அன்றே திரும்பினால் தோல் பை தாராளமாகப் போதும். மாதக்கணக்கில் பிட்டை உள்ளேயே தூங்கவிடக் கூடாது. பஞ்சு, ஃபோம் வைத்த பெட்டிக்கும் இதே பேச்சுதான், ஒரு முறை நனைந்தால் அது காய்வதே இல்லை.

இரண்டாவது சறுக்கல் மரக்கட்டை. பக்கத்து வீட்டில் வேப்ப மரம் வெட்டினார்கள், ஒரு துண்டை வாங்கி இழைத்து, வரிசையாகத் துளை போட்டுப் பிட்டுகளைச் சொருகினேன். பச்சை மரம். வெட்டி மூன்று வாரம்கூட ஆகாத மரத்தில் எவனாவது இரும்பைச் சொருகுவானா? நான் சொருகினேன். ஈரத்தில் முனையெல்லாம் கறுத்தது, கட்டை காயக் காயத் துளையும் நெருங்கி ஏழெட்டு பிட்டுகள் உள்ளேயே இறுகிவிட்டன. குறடு வைத்து இழுத்ததில் 2 மில்லி இரண்டு துண்டானது.

இந்தக் கட்டையைத்தான் குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஆசாரி பார்த்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், பிட்டை இன்றும் தமரூசி என்றுதான் சொல்வார். கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பச்ச மரத்த உடு, அது போவட்டும். இன்னாத்துக்கு அளவு பாத்து அடுக்கிக்கீற? நீ வேலைய அளவு பாத்தா செய்ற? வேலைய வெச்சி அடுக்கு" என்றார். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொன்னது. எனக்கு அதுவரை யாரும் சொல்லாத விஷயம்.

யோசித்துப் பாருங்கள். ஒன்றிலிருந்து பத்து மில்லி வரை அரை அரை மில்லியாக 19 பிட்டு ஒரு செட்டில் வருகிறது. மர வேலையில் நான் தினமும் தொடுவது நாலோ அஞ்சோதான்: ஹிஞ்ச் ஸ்க்ரூவுக்கு 2.5, எட்டாம் நம்பர் ஸ்க்ரூவுக்கு 3, கைப்பிடி போல்ட்டுக்கு 5, குழிக்கு 35, ஸ்க்ரூ தலை உள்ளே அமர வாய் அகட்டும் பிட்டு ஒன்று. இவை 19 பேர் கூட்டத்துக்கு நடுவில் நின்றால் ஒவ்வொரு முறையும் தேடல்தான். அதனால் ஷட்டர் வேலைக்கு ஒரு கட்டை, அதில் அந்த அஞ்சு பேர் மட்டும். 2.5, 3 இரண்டிலும் ஒன்றுக்கு மூன்றாக வாங்கி வைத்திருக்கிறேன், அவைதான் உடையும். முழு செட் வாங்குவதை விட உடைகிற அளவைத் தனியாக நாலைந்து வாங்குவது மலிவு. சுவர் பிட்டுகளுக்குத் தனிப் பெட்டி, வேறு நிறம், அது இந்தக் கட்டைப் பக்கமே வராது. மீதி அளவுகள் எல்லாம் கொட்டகையில் சுவரில் மாட்டிய பலகையில் இருக்கும், வேலை இடத்துக்கு வராது.

கட்டை செய்கிற விதம் சொல்கிறேன். மிஞ்சிய 18 மில்லி பிளைவுட் துண்டு இரண்டை ஒட்டினால் 36 மில்லி கனம் வரும், நன்றாகக் காய்ந்த பிளைவுட் என்றால் ஈரப் பிரச்சினை இல்லை. துளையைப் பிட்டின் அளவுக்கே போடாதீர்கள், அரை மில்லி கூட்டுங்கள், ஒரு கையால் உருவ வர வேண்டும். காம்பு ஆறு பட்டையாக உள்ள கால் இன்ச் பிட்டுகளில் நான் ஏமாந்தேன். கால் இன்ச் என்றால் 6.35 மில்லி, ஆனால் அது பட்டைக்குப் பட்டை அளவு. மூலைக்கு மூலை 7.3 மில்லி வரும், அதனால் துளை 7.5 போட வேண்டும். துளையை அடிவரை விட்டுவிட்டால் தூள் கீழே கொட்டிவிடும், பிட்டு விழாமல் இருக்க அடியில் கொசுவலைத் துணி ஒன்றை ஒட்டினால் போதும். 35 மில்லி மாதிரி தலை பெருத்த பிட்டைக் காம்பு கீழே, தலை மேலே இருக்கும்படி நிறுத்தி, தலைக்கும் தலைக்கும் ஒரு விரல் இடம் விடுங்கள். வாங்கும்போது பிளாஸ்டிக் மூடி வந்தால் தூக்கிப் போடாதீர்கள். தட்டை பிட்டுகளின் இலையில் பெரும்பாலும் ஒரு ஓட்டை இருக்கும், ஆணியில் மாட்டிவிடலாம். நீள பிட்டுகளை நான் வீட்டு வயரிங்கில் மிஞ்சிய பைப் துண்டுகளில் போட்டு வைக்கிறேன், மேல் வாய் திறந்தே இருக்கும்.

ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும் அளவை ஒரு ரூபாய் காசு அளவுக்குப் பெரிதாக எழுதினேன், நாற்பது தாண்டிய கண்ணுக்கு அது வேண்டும். மர பிட்டின் காம்பில் என் மகளின் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு. கேட்டால் கொடுக்க மாட்டாள் என்று கேட்காமல் எடுத்தேன், அந்த வழக்கு வீட்டில் இன்னும் நடக்கிறது. காம்பில் மெஷினின் சக் (பிட்டைக் கவ்வும் வாய்) பிடிக்கிற பகுதியில் பாலிஷ் படக் கூடாது, வழுக்கும், அதற்கு மேலே வைக்க வேண்டும்.

மழுங்கினதை அதே துளையில் திருப்பி வைக்காதது இன்னொரு பழக்கம். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று வைத்திருக்கிறேன், புகை வந்தாலோ நுனி நீலம் பாய்ந்தாலோ நேராக அதில் போய்விடும். மலிவு பிட்டு ஒருமுறை நீலம் பாய்ந்தால் உறுதி போய்விடும், சாணை பிடித்தாலும் நிற்காது. எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டு சூட்டைக் கொஞ்சம் தாங்கும், அதைச் சாணை பிடித்து மீட்கலாம். மாதத்துக்கு ஒரு ஞாயிறு பாட்டிலைக் கொட்டி உட்கார்வேன். சில மாதம் உட்கார்வதில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும்.

துருவுக்கு, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு துணியில் விட்டு ஒரு துடைப்பு, ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் கட்டாயம். தேங்காய் எண்ணெய் போட்டுப் பார்த்தேன், நாள்பட்டால் பிசின் மாதிரி ஆகித் தூளை எல்லாம் பிடித்துக்கொள்கிறது. எண்ணெய் போட்ட பிட்டைத் துடைக்காமல் மரத்தில் வைத்தால் கறை ஏறும், அந்த இடத்தில் பாலிஷ் பிடிக்காது, இதுவும் பட்டுத் தெரிந்ததுதான். பெட்டிக்குள் ஷூ டப்பாவில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுகிறேன், நம் ஊரில் அதற்கா பஞ்சம்? வெயிலில் காயவைத்தால் புதிதாகிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். நம் கத்திரி வெயிலுக்கே அது முழுசாகக் காயாது, நூறு டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அதனால் நான் மழைக்கு முன் புதிதாகவே மாற்றிவிடுகிறேன். மூடி சரியாகப் பொருந்தாத பெட்டியில் எத்தனை பொட்டலம் போட்டாலும் வீண்.

இவ்வளவுக்கும் ஆன செலவு, மூன்று கட்டை, இரண்டு பெட்டி, பைப், எண்ணெய் எல்லாம் சேர்த்து 900 ரூபாய்க்குள். 7,830 போன பிறகு இந்த 900.

வேலை முடிந்து கிளம்பும்போது கட்டையைப் பார்ப்பேன், எண்ண வேண்டியதில்லை, காலியாக இருக்கிற துளை கண்ணில் குத்தும். போன வாரம் பாகாயத்தில் ஒரு அலமாரி வேலை. இருட்டுகிற நேரம், 3 மில்லி துளை ஒன்று காலி. பையன், நான், வீட்டுக்காரர் மூன்று பேரும் செல்போன் டார்ச் அடித்துக்கொண்டு தரையில் தவழ்ந்து தேடினோம், பெருக்கி வைத்த தூளைக்கூடக் கிளறினோம். கால் மணி நேரம் கழித்து அந்த வீட்டுப் பாட்டி கட்டிலில் உட்கார்ந்தபடியே, "அந்த மிஷின் மூஞ்சில ஒண்ணு நீட்டிக்கினு கீதே, அதுவா பாரு" என்றார். அதேதான்.